காசு, வரலாறு, ஆங்கிலம்: புதிதாக அமெரிக்கா வந்தவர்களுக்கு எதிலிருந்து தொடங்குவது?

சயோட்டோக்கரை · சனி, பிற்பகல் 2:10

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோவில் கொலம்பஸ் நகரத்தில் வசிக்கிறேன். எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் நடக்கும் ஆங்கில வகுப்பில் எட்டு மாதங்களாகத் தன்னார்வலராகக் கற்பிக்கிறேன். மாணவர்கள் பதினான்கு பேர். ஏழு பேர் தெற்கு பூட்டானிலிருந்து விரட்டப்பட்டு, கிழக்கு நேபாளத்து அகதி முகாம்களில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கே குடியேறிய நேபாளி மொழிக்காரர்கள். சோமாலியர் நால்வர், மெக்சிகோவிலிருந்து ஒரு தம்பதி, ஹைட்டியிலிருந்து ஓர் இளைஞர்.

இன்று வகுப்பு முடிந்து வந்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வகுப்பிலேயே மூத்தவர், எழுபதை நெருங்கும் ஒரு நேபாளிப் பாட்டி. இந்த வாரம் ஒரு கடையில் 3 டாலர் 35 சென்ட் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று ஒரு டாலர் நோட்டுகளையும் கால் டாலர் நாணயத்தையும் வைத்துவிட்டு, மிச்சம் பத்து சென்ட்டுக்கு ஐந்து சென்ட் நாணயத்தை வைத்திருக்கிறார். ஐந்து சென்ட் பெரியது, பத்து சென்ட் சிறியது. பெரிய காசுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை? வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, கல்லாவில் இருந்தவர் பாட்டியின் உள்ளங்கையிலிருந்து தாமே காசைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாராம். "பிச்சை கேட்பவளைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்" என்று பாட்டி சொன்னதைப் பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். பேத்தி சொல்லி முடிக்கும்வரை பாட்டி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பணத்தைப் பற்றி நான் அவர்களுக்கு ஒரே ஒரு வகுப்புதான் எடுத்திருந்தேன். நாணயங்களின் படத்தை அச்சிட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளில் நான்கு நாணயமும் ஒரே அளவில் இருந்தன. இது என் தவறு. அதைத் திருத்த வேண்டும்.

என்னை உறுத்தும் இன்னொன்றும் இருக்கிறது. பாடநூலில் பணம் ஓர் அத்தியாயம், பண்டிகைகள் ஓர் அத்தியாயம், வரலாறு ஓர் அத்தியாயம் என்று தனித்தனியாக இருக்கிறது. வரலாற்று அத்தியாயத்தில் தலைவர்களின் பெயரும் பிறந்த ஆண்டும்தான் உண்டு. 20 டாலர் நோட்டில் இருப்பவர் ஆண்ட்ரூ ஜாக்சன் என்று எழுதியிருக்கிறது. அவர் என்ன செய்தார் என்று ஒரு வரியும் இல்லை. பழங்குடிகளை அவர்கள் ஊரைவிட்டு அகற்றிய குடியரசுத் தலைவர் அவர். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்த நோட்டைக் காட்டி வெறும் பெயரை மட்டும் சொல்லிக்கொடுக்க என்னால் முடியவில்லை. எளிய ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

இதுபோன்ற வகுப்புகளில் கற்பிப்பவர்கள், பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், தாமே கற்றவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

ஒரு குறிப்பு. பத்து சென்ட் நாணயத்தின் ஆங்கிலப் பெயரும் நேரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் 'டைம்' என்றே வருகின்றன. குழப்பம் வராமல் 'பத்து சென்ட்' என்றே எழுதுகிறேன்.

ஓய்வுக்காசாளர் · சனி, மாலை 5:45

அம்மா, வணக்கம். மதுரையில் 31 ஆண்டுகள் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆண்டுக்கு ஐந்து மாதம் வட கரோலினாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். வாழ்நாளெல்லாம் காசு எண்ணியவன் நான். இந்த ஊர் நாணயங்களில் முதல் வாரம் நானே தடுமாறினேன். ஆகவே அந்தப் பாட்டிக்கு எழுத்தறிவு போதாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தடுமாற்றத்தின் காரணம் நாணயத்திலேயே இருக்கிறது. புழக்கத்தில் உள்ள நான்கு நாணயங்களில் எதிலும் மதிப்பு இலக்கத்தில் இல்லை. ஒன்றில் 'ஒன் சென்ட்', ஒன்றில் 'ஃபைவ் சென்ட்ஸ்' என்று சொல்லால் எழுதியிருக்கும். பத்து சென்ட்டில் 'பத்து' என்ற சொல்கூட இல்லை. 'ஒன் டைம்' என்றுதான் இருக்கும். கால் டாலரில் 'குவார்ட்டர் டாலர்'. இலக்கம் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு இந்தக் காசு எதையும் சொல்லாது.

பத்து சென்ட் ஏன் சிறியது என்றும் சொல்லிக்கொடுங்கள். காரணம் தெரிந்தால் மறக்காது. 1964 வரை பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் மூன்றும் 90 விழுக்காடு வெள்ளி. உள்ளே இருக்கும் வெள்ளிதான் மதிப்பு. பத்து சென்ட் பெறுமான வெள்ளி அந்தச் சிறு வில்லை அளவுதான். பழைய நாளில் ஐந்து சென்ட்டும் வெள்ளிதான். அது பத்து சென்ட்டைவிடச் சிறியதாக, முறையாகவே இருந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கிவிட்டார்கள். 1866இல் செம்பும் நிக்கலும் கலந்து ஐந்து சென்ட்டைப் புதிதாக அடித்தார்கள். மலிவான உலோகம் என்பதால் அளவைப் பெரிதாக வைக்க முடிந்தது. 1965இல் சட்டம் வந்து பத்து சென்ட்டிலிருந்தும் கால் டாலரிலிருந்தும் வெள்ளி போய்விட்டது, அளவு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. பாட்டி நினைத்த முறைதான் சரியான முறை. அது முறிந்துபோனது இந்தக் கதையால்.

இனி பழக்கும் விதம். படம் வேண்டாம், உண்மையான காசு வேண்டும். வங்கியில் 20 டாலர் கொடுத்தால் எல்லா வகையிலும் சில்லறை தருவார்கள். ஒரு துணிப்பையில் போட்டு, பார்க்காமல் விரலால் அடையாளம் காணச் சொல்லுங்கள். ஒரு சென்ட்டுக்கும் ஐந்து சென்ட்டுக்கும் ஓரம் வழவழப்பு. பத்து சென்ட்டுக்கும் கால் டாலருக்கும் ஓரத்தில் வரி வரியாகக் கோடுகள் இருக்கும். வெள்ளிக் காலத்தில் ஓரத்தைச் சுரண்டித் திருடினால் தெரிந்துவிட வேண்டும் என்று போட்ட கோடுகள் அவை. கண் மங்கியவர்களுக்கும் இது உதவும். நாங்கள் வங்கியில் கள்ள நாணயத்தை விரலால்தான் பிடிப்போம், கண் ஏமாறும்.

என் மனைவி கால் டாலரைக் கையில் வாங்கியதும் "நாலணா" என்றாள். அதன்பிறகு ஒரு நாளும் அவள் அதைத் தவறவிட்டதில்லை. அணா போய் அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தச் சொல் அவள் விரலில் இருந்தது. உங்கள் பாட்டியிடமும் அவர் ஊரில் கால் ரூபாய்க்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள்.

பனிப்பாதை · சனி, இரவு 7:02

நல்ல நோக்கம்தான். ஆனால் இப்போது எல்லோரும் அட்டை தேய்க்கிறார்கள். ஒரு சென்ட் நாணயம் அடிப்பதையே 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் வகுப்பு என்றால் அதை நாணயத்தில் செலவிடுவது சரியா? அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

சயோட்டோக்கரை · சனி, இரவு 7:40

அட்டையையும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் என் மாணவர்கள் இருக்கும் அடுக்ககங்களில் துணி துவைக்கும் இயந்திரம் கால் டாலர் நாணயங்களைத்தான் கேட்கிறது. ஆல்டி கடையில் கால் டாலர் போட்டால்தான் தள்ளுவண்டி சங்கிலியிலிருந்து விடுபடும். திருப்பி வைத்தால் காசு வெளியே வரும். வங்கிக் கணக்கே இல்லாதவர் இருவர் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு சென்ட் நாணயம் 2025 நவம்பரில் நின்றது உண்மை. 1793இலிருந்து அடித்துவந்தது, ஒன்றை அடிக்க மூன்று சென்ட்டுக்கு மேல் செலவானதால் நிறுத்தினார்கள். ஆனாலும் அது செல்லும், ஏராளமாகப் புழக்கத்தில் இருக்கிறது. சில கடைகளில் ரொக்கத்துக்கு மட்டும் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்குகிறார்கள். கணக்குச் சீட்டில் ஒரு தொகை, வாங்குவது இன்னொரு தொகை. தம்மை ஏமாற்றுகிறார்கள் என்று சோமாலிய ஓட்டுநர் ஒருவர் பதறிப்போனார். இதையும் விளக்கித்தானே ஆக வேண்டும்?

ஐயா, உங்கள் விளக்கத்துக்கு மிகுந்த நன்றி. அடுத்த வாரமே துணிப்பையோடு போகிறேன்.

ஆணைப்பத்திரம் · ஞாயிறு, காலை 9:15

நியூ ஜெர்சியில் குடியுரிமைத் தேர்வுக்கான வகுப்பு எடுக்கிறேன், ஆறாவது ஆண்டு. ஒரு நடைமுறைச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 20 அன்றும் அதற்குப் பிறகும் விண்ணப்பித்தவர்களுக்குத் தேர்வு மாறிவிட்டது. முன்பு 100 கேள்விப் பட்டியல், பத்து கேட்பார்கள், ஆறு சரியாகச் சொல்ல வேண்டும். இப்போது 128 கேள்விப் பட்டியல், இருபதுவரை கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக வேண்டும். பழைய கையேட்டை வைத்து யாரும் படித்துவிட வேண்டாம். 65 வயது நிரம்பி, நிரந்தர வசிப்புரிமை அட்டையோடு (கிரீன் கார்டு) 20 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சிறப்புச் சலுகை: இருபது கேள்விகளே படித்தால் போதும், தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். உங்கள் பாட்டி வந்து எத்தனை ஆண்டு என்று பாருங்கள். பூட்டான் அகதிகள் இங்கே வரத் தொடங்கியதே 2008இல் என்பதால் அவர் காத்திருக்க வேண்டியிருக்கலாம். மருத்துவக் காரணத்தால் கற்க இயலாதவர்களுக்குத் தனிப் படிவம் உண்டு.

நாணயத்தைத் தேர்வோடு சேர்த்தே கற்பிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு சென்ட்டில் லிங்கன், ஐந்து சென்ட்டில் ஜெஃபர்சன், பத்து சென்ட்டில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், கால் டாலரில் வாஷிங்டன். அடிமைமுறையை ஒழித்தவர், சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், பெருமந்தத்தின்போதும் இரண்டாம் உலகப் போரின்போதும் குடியரசுத் தலைவராக இருந்தவர், முதல் குடியரசுத் தலைவர். நால்வரும் தேர்வுக் கேள்விகளில் இருக்கிறார்கள். எழுத்துத் தேர்வுக்கான சொற்பட்டியலில் 'டாலர் பில்' என்ற சொல்லே இருக்கிறது. நோட்டைக் கையில் கொடுத்து, "வாஷிங்டன் ஒரு டாலர் நோட்டில் இருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அதுவே தேர்வுப் பயிற்சி.

ரூஸ்வெல்ட் ஏன் பத்து சென்ட்டில் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் நான் அந்த வகுப்பை முடிப்பதில்லை. அவர் போலியோவால் கால்கள் செயலிழந்தவர். போலியோவை ஒழிக்க 1938இல் அவர் முன்னின்று தொடங்கிய அமைப்புக்காக மக்கள் பத்துப் பத்து சென்ட்டாக அஞ்சலில் வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள். அவர் 1945இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவர் பிறந்த நாளான ஜனவரி 30 அன்று அந்த நாணயம் வெளிவந்தது. என் மாணவர்களில் பலர் போலியோ பாதித்த பிள்ளைகளைத் தங்கள் தெருவில் பார்த்தவர்கள். தம்பியைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டுபோன ஒருவர் அந்த நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆனால் ஒன்று. தேர்வில் தேறுவதுதான் அவர்களுக்கு முதல் தேவை. ஜாக்சனைப் பற்றிய விவாதமெல்லாம் அதற்குப் பிறகு. அகதியாக வந்தவருக்குக் குடியுரிமைச் சான்றிதழ் என்றால் என்ன பொருள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் நேபாளி மாணவர்களைச் சொந்த நாடே தன்னுடையவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஐந்தேரி · ஞாயிறு, பகல் 12:30

நான் மிச்சிகனில் இருக்கிறேன். மேலே எழுதியவரின் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை.

இங்கே ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு தொழிற்சாலை இருந்தது. நாளுக்கு 5 டாலர் கூலி என்று 1914இல் அறிவித்தார்கள். அதே ஆண்டில் குடியேறிய தொழிலாளர்களுக்காக ஃபோர்டு ஆங்கிலப் பள்ளியும் தொடங்கியது. அந்தக் கூலி முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால் வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறாரா, பணம் சேமிக்கிறாரா என்று நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். பள்ளியின் பட்டமளிப்பு விழாவில் மேடையில் பிரம்மாண்டமான ஓர் அண்டா. தொழிலாளர்கள் தங்கள் நாட்டு உடையில் மூட்டையோடு அதற்குள் இறங்குவார்கள். ஆசிரியர்கள் நீண்ட கரண்டியால் கிண்டுவார்கள். மறுபக்கம் எல்லோரும் அமெரிக்க உடையில், கையில் கொடியோடு வெளியே வருவார்கள். இதைப் பெருமையாகச் செய்தார்கள், கொடுமை என்று யாருக்கும் தோன்றவில்லை.

'அமெரிக்கப் பண்பாடு' என்று ஓர் அத்தியாயத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்டா நினைவுக்கு வருகிறது. தேர்வுக்கான பதிலை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் நாமும் கரண்டியைக் கையில் எடுத்தவர்கள் ஆகிவிடுவோம்.

அதே காலத்தில் வேறு வழியும் இருந்தது. சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889இல் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தில் ஆங்கிலம் கற்பித்தார்கள், குடியுரிமைக்கும் தயார் செய்தார்கள். 1900இல் அங்கே தொழிற்கலை அருங்காட்சியகம் ஒன்றும் வைத்தார்கள். குடியேறிய முதிய பெண்கள் தங்கள் ஊர் முறையில் நூல் நூற்றும் நெய்தும் காட்டினார்கள். ஆங்கிலம் தெரியாத தாயைக் கண்டு கூசிய பிள்ளைகள் அவளைக் கைவினை தெரிந்தவளாகப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். சகோதரி, உங்கள் வகுப்பில் பேத்தி மொழிபெயர்க்க, பாட்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்கு ஹல் ஹவுஸ்தான் தோன்றியது.

ஆணைப்பத்திரம் · ஞாயிறு, பகல் 1:10

அண்டாவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மனப்பாடம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் அப்படி எழுதிவிட்டேன்.

நாமும் இந்த வரலாற்றுக்குள் இருப்பவர்கள்தான் என்பதை என் வகுப்பில் நான் மறைப்பதில்லை. இந்தியாவிலிருந்து வந்த பகத் சிங் திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். 1923இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை பெறும் தகுதி இல்லை என்றது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு 1946இல்தான் திறந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்ற அளவில். நம்மில் பெரும்பாலோர் வந்த வழி 1965 குடிவரவுச் சட்டம். கறுப்பின மக்கள் வீதியில் இறங்கிப் போராடிப் பெற்ற 1964 குடிமை உரிமைகள் சட்டம் இல்லாமல் அதை நினைத்துப் பார்க்க முடியாது. பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த மான்ட்கமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. அத்தனை நாட்களும் நடந்தே வேலைக்குப் போனவர்களுக்கு நானும் கடன்பட்டவன் என்று வகுப்பில் சொல்லுவேன். தேர்வுக் கேள்விக்கு வேண்டிய பதில் ஒரு வரிதான். அதைச் சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் நேரம் முக்கால் மணி.

செம்மண்சமவெளி · ஞாயிறு, இரவு 8:50

ஓக்லஹோமாவில் டல்சாவுக்கு அருகில் பள்ளி ஆசிரியை. ஜாக்சனைப் பற்றிய கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் தாலக்வா இருக்கிறது, செரோகி என்ற பழங்குடி நாட்டினரின் தலைநகரம். தெருப் பலகைகளில் ஆங்கிலமும் செரோகி எழுத்தும் சேர்ந்தே இருக்கும். செக்கோயா என்பவர் 1821 வாக்கில் உருவாக்கிய எழுத்து அது. நம் உயிர்மெய் போல அசைக்கு ஓர் எழுத்து, இன்று 85 எழுத்துகள். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தம் மொழிக்குத் தாமே எழுத்து கண்டார், சில ஆண்டுகளில் அந்த மக்கள் செய்தித்தாளே நடத்தினார்கள்.

இவர்கள் இங்கே இருப்பதே அந்த 20 டாலர் நோட்டுக்காரரால்தான். 1830இல் பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டத்தில் ஜாக்சன் கையெழுத்திட்டார். 1838இல் படைவீரர்கள் ஜார்ஜியா, டென்னசி பகுதிகளில் செரோகி மக்களை வீடுகளிலிருந்து பிடித்து முகாம்களில் அடைத்து, குளிர்காலத்தில் இங்கே நடத்திவந்தார்கள். வழியிலும் முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

எளிய ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் பலகையில் நான்கு வாக்கியங்கள் மட்டும் எழுதுவேன். படைவீரர்கள் வந்தார்கள். மக்கள் நடந்தார்கள். பலர் இறந்தார்கள். மீதிப் பேர் புதிய ஊரைக் கட்டினார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் மூன்று நான்கு சொற்கள்தான். நான்கும் இறந்தகால வினைகள், 'கேம்', 'பில்ட்' போல வடிவம் மாறுபவையும் 'வாக்ட்' போல ஒட்டுச் சேர்பவையும் கலந்து வருகின்றன. இலக்கணப் பாடமும் முடிகிறது. வரலாற்றை மாற்றிச் சொல்லவும் இல்லை, அலங்கரிக்கவும் இல்லை. நான்காவது வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இறந்தார்கள் என்பதோடு நிறுத்தினால் அந்த மக்கள் இப்போது இல்லை என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். நன்றித் திருநாள் பாடத்திலும் இதே குறை நேர்கிறது. 1621இல் பிளிமத்தில் குடியேறியவர்களோடு உணவுண்ட வாம்பனோக் மக்கள் இன்றும் மாசசூசெட்ஸில் வாழ்கிறார்கள்.

நோட்டின் பக்கத்தில் வைக்க ஒரு நாணயமும் இருக்கிறது. 2022இல் வந்த ஒரு கால் டாலரில் வில்மா மேன்கில்லர் இருக்கிறார். 1985 முதல் 1995 வரை செரோகி நாட்டின் தலைவியாக இருந்தவர். அந்த நாணயத்தில் செரோகி எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 20 டாலர் நோட்டையும் அந்த நாணயத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் அதிகம் பேச வேண்டியிராது.

வடமராட்சி · திங்கள், காலை 6:20

தங்கச்சி, நான் ஸ்டேட்டன் ஐலண்டில் இருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் இப்படியான ஒரு வகுப்பில் மாணவியாக இருந்தவள். மற்றவர்கள் எல்லோரும் கற்பிப்பவர்களாக எழுதியிருக்கிறார்கள். நான் வாங்கில் இருந்தவள் என்றபடியால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

எங்களுடைய ஆசிரியை மிகவும் நல்லவர். ஒரு நாள் குடியேற்ற வரலாறு படிப்பித்தார். எல்லிஸ் தீவு, கப்பல்கள், சுதந்திரச் சிலை. பிறகு எல்லோரும் தங்கள் கதையைச் சொல்லுங்கள், ஏன் உங்கள் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று வட்டமாக இருத்திக் கேட்டார். என் முறை வந்தபோது எனக்கு வாய் திறக்கவில்லை. ஆங்கிலம் வராததால் அல்ல. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதன்பிறகு இரண்டு கிழமை வகுப்புக்குப் போகவில்லை.

ஆகவே பாட்டியிடம் அவருடைய கதையைக் கேட்காதீர்கள். செரோகி மக்களின் கதையைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அவரே சொல்லுவார். எந்தப் பாதையால் வந்தீர்கள், என்ன பத்திரம் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவரையும் வகுப்பில் கேட்கவே கூடாது. இந்தக் காலத்தில் அது இன்னும் பெரிய பயம்.

எனக்கு உண்மையில் உதவிய பாடங்கள் எவை தெரியுமா? விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது என்பது. 13க்கும் 30க்கும் உள்ள ஒலி வேறுபாடு. 'டூ ஃபிஃப்டி' என்றால் தேநீர்க் கடையில் இரண்டரை டாலர், கட்டில் வாங்கும் இடத்தில் இருநூற்றைம்பது டாலர் என்பது. 'டு யு வான்ட் கேஷ் பேக்?' என்று கல்லாவில் கேட்டபோது எனக்குத் தள்ளுபடி தருகிறார்கள் என்று நினைத்து 'யெஸ்' என்றேன். என் கணக்கிலிருந்தே எடுத்து 20 டாலரைக் கையில் தந்தார்கள். அன்று முழுக்க அதை இலாபம் என்றே நம்பியிருந்தேன். இவற்றை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

பனிப்பாதை · திங்கள், காலை 10:05

வடமராட்சி அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். அட்டை போதும் என்று எழுதியது தவறு.

உணவகத்தில் வைக்கும் அன்பளிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 முதல் 20 விழுக்காடு வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் என் பெற்றோர் ஏற்கவில்லை, "விலைக்கு மேல் ஏன்?" என்றார்கள். அன்பளிப்பு பெறும் பணியாளர்களுக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட், அது 1991இலிருந்து மாறவில்லை என்று விளக்கினேன். பல மாநிலங்களில் இதைவிட அதிகம் என்றாலும் அடிப்படை இதுதான். அதைக் கேட்டபின் அப்பா ஒருநாளும் குறைத்து வைத்ததில்லை. வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொன்னால் நம் பெரியவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

சயோட்டோக்கரை · அடுத்த சனி, பிற்பகல் 3:30

இப்போதுதான் வகுப்பிலிருந்து வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

துணிப்பையைச் சுற்றுக்கு விட்டேன். இளையவர்கள் அவசரப்பட்டுத் தவறவிட்டார்கள். பாட்டி நான்கு முறை கையை விட்டு நான்கு முறையும் சரியாகச் சொன்னார். கால் டாலர் வந்தபோது, ஓய்வுபெற்ற ஐயா சொன்னபடி, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று பேத்தியை விட்டுக் கேட்டேன். "சுகா" என்றார் உடனே. கால் ரூபாய்க்கு நேபாளியில் அதுதான் சொல்லாம். மற்ற நேபாளிக்காரர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னார்கள். சோமாலியர்கள் தங்கள் சொல்லைச் சொன்னார்கள். ஹைட்டி இளைஞர் தன் சொல்லைச் சொன்னார். பத்து நிமிடம் வகுப்பு என் கையில் இல்லை. நானும் நிறுத்தவில்லை. பத்து சென்ட் ஏன் சிறியது என்ற கதையைச் சொன்னபோது, பாட்டி நினைத்ததுதான் பழைய முறை என்பதைப் பேத்தி இரண்டு தடவை மொழிபெயர்த்துச் சொன்னாள். இம்முறை பாட்டி பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கல்லாப் பழக்கம். ஆளுக்கு ஒரு தரம் கடைக்காரர், ஒரு தரம் வாடிக்கையாளர். வாங்கும் பொருளில் எதற்கு வரி என்றும் கேட்டேன். இங்கே பாலுக்கும் அரிசிக்கும் விற்பனை வரி கிடையாது, சோப்புக்கும் குளிர்பானத்துக்கும் உண்டு. மெக்சிகோத் தம்பதி அதில் என்னைவிடத் தெளிவாக இருந்தார்கள்.

இறுதி அரை மணியில் 20 டாலர் நோட்டை எடுத்தேன். யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். நான்கு வாக்கியங்களை எழுதினேன், இரண்டு முறை படித்தேன், வரைபடத்தில் ஜார்ஜியாவிலிருந்து ஓக்லஹோமாவரை விரலால் கோடு காட்டினேன். யாரும் பேசவில்லை. பாட்டிதான் முதலில் பேசினார், பேத்தி இல்லாமல், ஆங்கிலத்தில். "ஆர்மி கம். வீ கோ."

எனக்குப் பேச்சு எழவில்லை. பக்கத்தில் இருந்த சோமாலிய ஓட்டுநர் பலகையைக் காட்டி மெதுவாக "கேம், மதர். வென்ட்" என்றார். பாட்டி பலகையைப் பார்த்தார். "ஆர்மி கேம். வீ வென்ட்." தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பேத்தி எழுத்துக்கூட்டிச் சொல்ல வந்தாள், வேண்டாம் என்று கையமர்த்திவிட்டுத் தாமே எழுதினார்.

அடுத்த வாரம் 50 மாநிலக் கால் டாலர்களைக் கொண்டு நிலப்படம் செய்யலாம் என்று நினைக்கிறேன். 1999 முதல் 2008 வரை ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்று வெளியிட்டார்கள். எங்கள் ஒஹாயோ நாணயம் 2002இல் வந்தது. அதில் ரைட் சகோதரர்களின் விமானமும் விண்வெளி வீரரும் இருக்கிறார்கள். இதுவரை முப்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன, ஒஹாயோ மட்டும் கிடைக்கவே இல்லை. வில்மா மேன்கில்லர் நாணயமும் வேண்டும். வங்கியில் கேட்டேன், கலந்துதான் தருகிறார்கள்.

ஓய்வுக்காசாளர் · அடுத்த சனி, மாலை 4:55

அம்மா, பேரனின் உண்டியலைத் தட்டிப் பார்த்தோம். ஒஹாயோ இரண்டு இருக்கின்றன. மேன்கில்லர் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறான். நூலக முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், திங்களன்று அஞ்சலில் போட்டுவிடுகிறேன்.

செம்மண்சமவெளி · அடுத்த சனி, மாலை 5:20

மேன்கில்லர் என்னிடம் நான்கு இருக்கின்றன. மூன்றை அனுப்புகிறேன். ஒன்று பாட்டிக்கு.